ஹாம்லெட் என்றால் என்ன? வாஸ்டேல் ஹெட் என்ற குட்டி ஊரை வைத்து ஒரு விளக்கம்

ஹாம்லெட் என்றதும் ஷேக்ஸ்பியரின் டென்மார்க் இளவரசன்தான் பலருக்கும் நினைவுக்கு வருவான். இங்கே பேசப்போவது அவனைப் பற்றி அல்ல. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நாலைந்து பண்ணை வீடுகள் மட்டும் சேர்ந்து நிற்கும் ஊருக்கும் ஹாம்லெட் என்றுதான் பெயர். இளவரசன் பெயருக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவு கிடையாது.

சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். பழைய ஜெர்மானிய மொழிகளில் 'ஹாம்' என்றால் வீடு, குடியிருப்பு. பர்மிங்காம், நாட்டிங்காம் போன்ற ஊர்ப் பெயர்களின் வாலில் இருப்பதும் அந்த வகைச் சொல்தான். அதைப் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டு, சிற்றூருக்கு 'ஹாமெல்' என்றார்கள். அதையும் இன்னும் சுருக்கி 'ஹாமெலெட்' ஆக்கினார்கள். அதாவது சிற்றூரிலும் சிற்றூர். நம்முடைய 'குக்கிராமம்' கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிற சொல். லண்டனின் கிழக்கில் இன்று லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழும் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியும் ஒரு காலத்தில் லண்டன் கோட்டையை அண்டியிருந்த இத்தகைய சிற்றூர்களின் கூட்டம்தான். பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

சரி, எத்தனை வீடு இருந்தால் ஹாம்லெட், எத்தனை இருந்தால் கிராமம்? இங்கிலாந்தில் இதற்குச் சட்டப்படியான கணக்கு எதுவும் இல்லை. வழக்கத்தில் ஒரு எளிய அடையாளம் உண்டு. சந்தை கூடும் உரிமை இருந்தால் அது நகரம். தேவாலயம் இருந்தால் கிராமம். இரண்டும் இல்லாமல் வீடுகள் மட்டும் இருந்தால் ஹாம்லெட். தேவாலயத்தை ஏன் அளவுகோலாக வைத்தார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் பாரிஷ் என்ற தேவாலய எல்லைதான் மக்களுடைய வாழ்க்கையின் எல்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அந்தப் பாரிஷின் தாய்த் தேவாலயத்தில்தான் நடக்க வேண்டும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கும் அங்கேதான் போகும். தேவாலயம் இல்லாத ஊர் என்றால், எந்த நல்லது கெட்டதுக்கும் வேறோர் ஊருக்கு நடக்க வேண்டிய ஊர் என்று அர்த்தம்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் மனதில் தங்காது. ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். வடமேற்கு இங்கிலாந்தில், கம்ப்ரியாவின் ஏரி மாவட்டத்தில், சாலை போய் முடிகிற இடத்தில் இருக்கிறது வாஸ்டேல் ஹெட். சில பண்ணைகள், ஒரு விடுதி, மரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒரு குட்டித் தேவாலயம், அவ்வளவுதான் ஊர். தேவாலயம் இருந்தும் இதை ஏன் எல்லோரும் ஹாம்லெட் என்றே சொல்கிறார்கள் என்பது பிறகு வரும்.

நிலம் எப்படி இருக்கிறது?

வரைபடத்தில் தேடுவதென்றால் முதலில் வாஸ்ட்வாட்டர் என்ற நீண்ட ஏரியைக் கண்டுபிடியுங்கள். ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளம், அகலம் மிகக் குறைவு. ஆழம் 79 மீட்டர். இங்கிலாந்தின் ஆழமான ஏரி இதுதான். அதன் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. ஏரியின் தென்கிழக்குக் கரை முழுவதும் மலை உடைந்து சரிந்த கற்குவியல், நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்தப் பக்கம் வீடு கட்டவோ சாலை போடவோ இடமே இல்லை. எதிர்க் கரையை ஒட்டி ஒரே ஒரு குறுகிய சாலை போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு வடகிழக்கே போனால் ஏரி முடிந்ததும் ஒரு சமதளம் விரியும். அங்கேதான் ஊர்.

சமதளத்தைச் சுற்றி மூன்று பக்கமும் மலை. 978 மீட்டர் உயரமுள்ள ஸ்காஃபெல் பைக், இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரம், ஊருக்குத் தென்கிழக்கில். நேர் எதிரே, ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் நடுவில் கோபுரம் மாதிரி எழுந்து நிற்பது 899 மீட்டர் உயரமுள்ள கிரேட் கேபிள். இடது பக்கம் கிர்க் ஃபெல், யூபாரோ. ஆழமான ஏரியும் உயரமான மலையும் ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு இருப்பது தற்செயல் அல்ல. இந்த மலைகளின் பாறை சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கியது. பனியுகத்தில் உச்சியிலிருந்து இறங்கிய பனியாறுகள் அந்தப் பாறையைச் சுரண்டிச் சுரண்டிப் பள்ளத்தாக்கின் அடியை ஆழமாகத் தோண்டிவிட்டன. சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியும் உருகியபோது, தோண்டிய குழியில் தண்ணீர் நின்றது. ஏரியின் தலைமாட்டில், மலையோடைகள் அடித்து வந்த வண்டலும் கல்லும் படிந்து அந்தச் சின்னச் சமதளம் உருவானது.

ஊரின் அளவை முடிவு செய்தது அந்தச் சமதளம்தான். உழக்கூடிய நிலம் அவ்வளவுதான் இருந்தது. அது தாங்கக்கூடிய குடும்பங்கள்தான் அங்கே வாழ முடிந்தது. நடு இங்கிலாந்தின் வளமான சமவெளிகளில் கதை வேறு. அங்கே பெரிய பொதுவயல்களை ஊரே சேர்ந்து உழுதது. ஏர் பூட்டவும் அறுக்கவும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்ததால், வீடுகள் தேவாலயத்தைச் சுற்றி நெருக்கமாக அமைந்து பெரிய கிராமங்கள் ஆயின. மலைநாட்டில் மழை அதிகம், மண் குறைவு, மேய்ச்சல்தான் பிழைப்பு. மேய்ச்சலுக்கு ஆள் குறைவாகவும் நிலம் அதிகமாகவும் வேண்டும். அதனால் வீடுகள் சிதறி, நாலு இங்கே ஐந்து அங்கே என்று ஹாம்லெட்டுகள் ஆயின. வளர முடியாமல் நின்றுபோன கிராமம் என்று ஹாம்லெட்டை நினைப்பது தவறு. அந்த நிலத்துக்குச் சரியான அளவு அதுதான்.

யார் வந்து குடியேறினார்கள்?

ஊரின் பழைய கதைக்குக் காகிதச் சான்று தேடினால் ஏமாற்றம்தான். இங்கிலாந்தின் ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் புரட்டுவது 1086ல் வில்லியம் மன்னன் தயாரிக்கச் செய்த டூம்ஸ்டே நிலக்கணக்கை. வாஸ்டேல் ஹெட் அடங்கிய பழைய கம்பர்லாந்து மாவட்டத்தின் பெரும்பகுதி அதில் இல்லை. அப்போது அந்த நாடு, பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமின் ஆட்களான நார்மன்களின் கைக்கு வரவே இல்லை. 1092ல்தான் வில்லியமின் மகன் கார்லைல் நகரைப் பிடித்தான்.

ஆனால் ஊர்ப் பெயர்கள் பேசுகின்றன. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கிளம்பியவர்களின் வழியினர், அயர்லாந்து, மான் தீவு வழியாக இந்தக் கரையில் வந்து குடியேறினார்கள். அவர்கள் பேசிய நார்ஸ் மொழி இன்றும் வரைபடம் முழுக்க இருக்கிறது. மலை 'ஃபெல்', ஓடை 'பெக்', பள்ளத்தாக்கு 'டேல்', மலைச் சுனை 'டார்ன்', காட்டை வெட்டித் திருத்திய நிலம் 'த்வெய்ட்'. வாஸ்டேல் என்பதே 'வட்ன்ஸ்டால்', அதாவது தண்ணீர்ப் பள்ளத்தாக்கு. பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பொருள் மறந்துபோய், ஏரிக்கு 'வாஸ்டேல் வாட்டர்' என்று பெயர் வைக்க, அது தேய்ந்து வாஸ்ட்வாட்டர் ஆயிற்று. ஒரே பெயரில் இரண்டு மொழிகளில் இரண்டு தண்ணீர்! ஊருக்கு வடகிழக்கே உள்ள பர்ன்த்வெய்ட் பண்ணையின் பெயரைப் பார்த்தால், யாரோ அங்கே காட்டைத் திருத்திக் கழனியாக்கிய நாள் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. இங்கிலாந்தின் எந்தச் சிற்றூரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினாலும் முதலில் பெயரைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன். அதற்குச் செலவும் இல்லை, பெரும்பாலும் பலனும் உண்டு.

இடைக்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு பெர்சி என்ற பெருநிலக் குடும்பத்தின் கைக்குப் போனது. பிரபுக்கள் இங்கே மாட்டுப் பண்ணைகள் நடத்தினார்கள். பிறகு அவை குத்தகைக் குடியானவர்களுக்குப் பங்கு பிரிக்கப்பட்டன. மாடு குறைந்து செம்மறி ஆடு ஊரின் ஆதாரமாயிற்று. தமிழில் 'பட்டி' என்ற சொல் ஆடுமாடு அடைக்கும் இடத்தையும் குறிக்கும், ஊரையும் குறிக்கும். வாஸ்டேல் ஹெட்டுக்குத் தமிழில் ஒரு பெயர் வைக்கச் சொன்னால் நான் யோசிக்காமல் பட்டி என்றுதான் முடிப்பேன்.

சுவர்களைப் படிப்பது

மலை மேலிருந்து எடுத்த படங்களில் இந்த ஊரைப் பார்த்தால், வீடுகளுக்கு முன்னால் கண்ணில் படுவது சுவர்கள்தான். பச்சை வயல்களைச் சாம்பல் நிறக் கோடுகள் வலைப்பின்னல் மாதிரி பிரித்திருக்கும். எந்த வயலும் சதுரமாக இருக்காது. கோணலும் வளைவுமாக, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு இருக்கும். என்னைக் கேட்டால் இந்த ஊரின் பதிவேடே அதுதான்.

பனியாறும் ஓடையும் விட்டுப் போன கற்கள் அந்தச் சமதளம் முழுவதும் கிடந்தன. உழ வேண்டுமானால் முதலில் கல் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? எல்லையில் அடுக்கினார்கள். அடுக்கியும் தீரவில்லை. சுவரை மேலும் அகலமாக்கினார்கள். சில இடங்களில் ஆள் நடந்து போகும் அளவுக்கு அகலம். அப்படியும் மிஞ்சியதை வயலின் நடுவிலேயே பெரிய குவியலாகக் குவித்தார்கள். அந்தக் குவியல்கள் இன்றும் இருக்கின்றன.

ஒரு சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். சாந்து, சுண்ணாம்பு எதுவுமே கிடையாது. உண்மையில் அது ஒரு சுவர் அல்ல, ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்த இரண்டு சுவர்கள். அடியில் பெரிய கல், மேலே போகப் போகச் சிறியது. நடுவில் உள்ள இடைவெளியில் கைப்பிடிச் சிறு கற்களை இறுக்கி நிரப்பியிருப்பார்கள். சில அடிக்கு ஒரு முறை, இரண்டு முகங்களையும் பிணைக்க ஒரு நீளக் கல் குறுக்கே ஓடும். உச்சியில் தொப்பி மாதிரி ஒரு வரிசைக் கல். மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே ஓடிவிடும், காற்றும் இடுக்கு வழியாகக் கசிந்துவிடும். அதனால்தான் நிற்கிறது. ஆங்காங்கே சுவரின் அடியில் சதுரமாக ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். மாடு நுழைய முடியாது, ஆடு நுழையும். ஒரு பலகைக் கல்லைச் சாய்த்து வைத்தால் கதவு மூடியாயிற்று.

சுவர்களில் ஒரு வரிசை இருக்கிறது. ஊரை ஒட்டிய சமதளத்து வயல்களை 'இன்பை' என்பார்கள். ஒரு காலத்தில் இது பொதுவயல். ஓட்ஸும் வாற்கோதுமையும் விளைந்தன. பின்னாளில் குடும்பங்கள் பங்கு பிரித்துக்கொண்டு அவரவர் துண்டுக்குச் சுவர் எழுப்பியதால்தான் இந்தக் கோணல்மாணல். சரிவில் கொஞ்சம் மேலே ஏறினால் 'இன்டேக்', மலையிடமிருந்து பிடுங்கிச் சேர்த்த நிலம். அதற்கும் மேலே கடைசிச் சுவரைத் தாண்டினால் 'ஃபெல்', சுவரே இல்லாத பொது மேய்ச்சல் மலை.

சுவர் இல்லாத மலையில் பல பண்ணைகளின் ஆடுகள் எப்படிக் கலந்துபோகாமல் மேய்கின்றன? இங்கே மேய்வது ஹெர்ட்விக் என்ற இனம். குட்டி கறுப்பாகப் பிறக்கும். வளர வளர உடல் சாம்பல் நிறமாகும், முகம் வெளுத்துவிடும். எந்த மழைக்கும் பனிக்கும் அசையாது. தாய் ஆடு தான் மேயும் மலைப்பகுதியைக் குட்டிக்குப் பழக்கிவிடும். அந்தக் குட்டி பெரிதானதும் அதன் குட்டிக்கு அது பழக்கும். வேலியே இல்லாமல் ஒவ்வொரு மந்தையும் தலைமுறை தலைமுறையாகத் தன் இடத்திலேயே நிற்கும். இதனால் பண்ணையின் குத்தகைக்காரர் மாறினாலும் மந்தை மாறுவதில்லை. நிலத்தோடு சேர்ந்தே கைமாறுகிறது. 2001ல் கோமாரி நோய் கம்ப்ரியாவைத் தாக்கி மந்தை மந்தையாக ஆடுகளைக் கொல்ல வேண்டி வந்தபோது, விவசாயிகள் பட்ட பயம் விலையைப் பற்றியது மட்டும் அல்ல. ஆடு வாங்கலாம். அந்த ஆட்டுக்கு மலையை யார் சொல்லிக்கொடுப்பது?

பிணப் பாதை

இப்போது தேவாலயத்துக்கு வருவோம். செயின்ட் ஓலாஃப் தேவாலயம் இங்கிலாந்தின் மிகச் சிறிய தேவாலயங்களில் ஒன்று. யூ மரங்கள் அதைச் சுற்றி அடர்ந்து நிற்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பு மட்டும்தான் தெரியும். கூரை உத்தரங்கள் வைக்கிங் கப்பல் மரம் என்று ஊரில் சொல்லி வருகிறார்கள், செவிவழிச் செய்தி.

இது வெகுகாலம் முழு உரிமையுள்ள பாரிஷ் தேவாலயம் அல்ல. இந்தப் பகுதியின் தாய்த் தேவாலயம் கடற்கரையில், 20 கிலோமீட்டருக்கும் அப்பால், செயின்ட் பீஸில் இருந்தது. தூரத்து ஊர்க்காரர்கள் ஞாயிறு தோறும் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பதற்காகக் கட்டிக்கொண்ட கிளைச் சிற்றாலயம்தான் இது. ஜெபிக்கலாம், ஆனால் அடக்கம் செய்ய முடியாது. இங்கே கல்லறைத் தோட்டம் அர்ப்பணிக்கப்பட்டதே 1901ல்தான். தேவாலயம் இருந்தும் ஊர் ஹாம்லெட்டாகவே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதுவரை யாராவது இறந்தால் உடலைக் குதிரையின் முதுகில் கட்டி, பர்ன்மூர் என்ற மேட்டுச் சதுப்பைத் தாண்டி, எஸ்க்டேல் பள்ளத்தாக்கில் பூட் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள, அடக்கம் செய்யும் உரிமை பெற்றிருந்த செயின்ட் கேதரின் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். 8, 9 கிலோமீட்டர் மலைவழி. மழைக்காலத்திலும் உறைபனியிலும் அதே வழிதான். அந்தப் பாதையில் இன்றும் நடக்கலாம்.

அதைப் பற்றி ஒரு பழங்கதை இருக்கிறது. இளம் வயதில் இறந்த ஒருவனின் உடலோடு போன குதிரை, பர்ன்மூரில் மிரண்டு மூடுபனிக்குள் ஓடி மறைந்துவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. துக்கத்தில் அவன் தாயும் இறந்துபோனாள். அவளையும் அதே வழியில் கொண்டுபோக, பனிப்புயலில் அந்தக் குதிரையும் ஓடிப்போயிற்று. தேடிப் போனவர்களுக்கு ஒரு குதிரை கிடைத்தது, ஆனால் அதன் முதுகில் இருந்தது மகனின் உடல். தாயைச் சுமந்த குதிரை அகப்படவே இல்லை. மூடுபனி நாட்களில் அது இன்னும் அலைவதாகச் சொல்கிறார்கள். பேய்க்கதையாக இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெற்றவளைப் பிள்ளைக்குப் பக்கத்தில் புதைக்கக்கூட ஒரு மலையைத் தாண்ட வேண்டியிருந்த ஊரின் துயரம் அதில் இருக்கிறது.

மலையேறிகள் வந்த பிறகு

19ஆம் நூற்றாண்டில் வெளியாட்கள் வரத் தொடங்கினார்கள். 1802லேயே கவிஞர் கோல்ரிட்ஜ் தனியாக ஸ்காஃபெல் மலையில் ஏறி, இறங்கும் வழி தெரியாமல் பாறைப் படிகளில் தொங்கிக் குதித்து உயிர் தப்பினார். பின்பு 1808ல் பிறந்த வில் ரிட்சன் என்ற விவசாயி ஊரில் விடுதி நடத்தினார். இந்த ஊர் டர்னிப் கிழங்கு அவ்வளவு பெரிது, ஞாயிறு விருந்துக்கு ஊர்க்காரர்கள் தோண்டித் தின்றது போக, மிச்சக் கூட்டில் ஆடுகள் ஒதுங்கும் என்று முகம் மாறாமல் சொல்வாராம். அவர் நினைவாகப் பக்கத்து ஊரான சான்டன் பிரிட்ஜில் ஆண்டுதோறும் பொய் சொல்லும் போட்டி நடக்கிறது. அரசியல்வாதிகளும் வக்கீல்களும் அதில் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி.

1886 ஜூனில் ஹாஸ்கெட் ஸ்மித் என்ற 26 வயது இளைஞர், கிரேட் கேபிளின் சரிவில் ஊசி மாதிரி நிற்கும் நேப்ஸ் நீடில் பாறையில் கயிறு இல்லாமல், துணைக்கு ஆள் இல்லாமல் ஏறினார். உச்சியில் தன் கைக்குட்டையைச் சொருகிவிட்டு இறங்கினார். பிரிட்டனில் பாறையேற்றம் ஒரு விளையாட்டாகப் பிறந்தது அன்றுதான் என்று பலரும் கணக்கு வைக்கிறார்கள். அந்த விளையாட்டுக்கு விலையும் இருந்தது. 1903ல் ஸ்காஃபெல் பாறையில் 4 பேர் ஒரே கயிற்றில் விழுந்து இறந்தார்கள். அவர்களில் மூவர் இந்தச் சின்னக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். தேவாலயத்தின் தெற்கு ஜன்னலில் கையகலக் கண்ணாடி ஒன்றில் நேப்ஸ் நீடில் பாறையின் உருவமும், பைபிளின் 121ஆம் சங்கீதத்தில் மலைகளை நோக்கிக் கண்ணை ஏறெடுக்கும் அந்த வரியும் செதுக்கப்பட்டிருக்கின்றன.

முதல் உலகப் போர் முடிந்ததும், பெர்சி குடும்பத்தின் வழியில் இந்த நிலத்துக்கு வாரிசான லெகன்ஃபீல்ட் பிரபு, போரில் இறந்த ஏரி மாவட்டத்து ஆண்களின் நினைவாக 1919ல் ஸ்காஃபெல் பைக்கின் உச்சியை, இயற்கையையும் பழஞ்சின்னங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்தார். 1923ல் ஒரு மலையேறிகள் சங்கம் தன் உறுப்பினர்களின் நினைவாகக் கிரேட் கேபிளையும் சுற்றியுள்ள உயரங்களையும் வாங்கி அதே அமைப்புக்கு அளித்தது. ஆண்டுதோறும் நவம்பரில், போரில் மாண்டவர்களின் நினைவு ஞாயிறன்று, நூற்றுக்கணக்கானவர்கள் அந்த உச்சிக்கு ஏறி மௌனமாக நிற்கிறார்கள். 1951ல் ஏரி மாவட்டம் தேசியப் பூங்காவாயிற்று. 2017ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மலையின் அழகோடு, அதில் ஆடு மேய்த்த வாழ்க்கைக்கும் சேர்த்துத்தான் அந்த அங்கீகாரம்.

ஊர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1936ல் இங்கே ஒரு பண்ணையில் பிறந்து, வாழ்நாள் முழுக்க ஆடு வளர்த்த ஜாஸ் நெய்லர், 1975ல் 24 மணி நேரத்துக்குள் 72 மலையுச்சிகளை ஓடியே தொட்டார். ஆட்டின் பின்னால் ஓடிப் பழகிய கால்கள். 2024ல் காலமானார்.

இன்றைய தொல்லை வேறு மாதிரி. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் மூன்றின் உயர்ந்த சிகரங்களையும் ஒரே நாளில் ஏறும் சவாலுக்காக, கோடை இரவுகளில் கார்கள் இந்த முட்டுச்சாலையில் வந்து குவிகின்றன. நள்ளிரவில் தலைவிளக்குகள் மலையில் வரிசையாக ஏறும். ஸ்டை ஹெட் கணவாய் வழியாக அடுத்த பள்ளத்தாக்குக்குச் சாலை போடும் யோசனை முன்பு எழுந்தது. எதிர்ப்பு வலுத்ததால் நடக்கவில்லை. இன்றும் அந்தப் பக்கம் போக வேண்டுமானால் நடக்க வேண்டும், இல்லையென்றால் மலைத்தொடரையே சுற்றிக்கொண்டு காரில் போக வேண்டும்.

ஊர் தனக்காக மட்டும் கூடுகிற நாள் அக்டோபரின் இரண்டாவது சனிக்கிழமை. முன்பு இது, மலையில் வழிதவறி அடுத்தவர் மந்தையில் கலந்துவிட்ட ஆடுகளை உரியவரிடம் ஒப்படைக்கும் கூட்டம். எந்தப் பண்ணை ஆட்டுக்கு எந்தக் காது வெட்டு, எந்த இடத்தில் வண்ணக் கோடு என்று 1817 முதலே அச்சிட்ட கையேடு ஏரி மாவட்டத்தில் இருந்து வருகிறது. இப்போது அது கண்காட்சி ஆகிவிட்டது. ஹெர்ட்விக் கிடாக்களின் முதுகில் செம்பொடி தேய்த்துச் சிவப்பாக்கி வரிசையாக நிறுத்துகிறார்கள். நடுவர் ஒவ்வொன்றின் பல்லையும் காலையும் தொட்டுப் பார்க்கிறார். ஓட்டப் பந்தயக்காரர்கள் மலைக்கு ஓடித் திரும்புகிறார்கள். மாலையானதும் ஆடுகள் வண்டியில் ஏறுகின்றன, வந்த கார்களெல்லாம் ஏரிக்கரைச் சாலையில் ஒன்றன் பின் ஒன்றாக இறங்குகின்றன.